"அது சரி, உண்மையில் எந்த ஊர்?": அயர்லாந்தின் புதிய குரல்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "எந்த ஊரு?" என்று கேட்பது நமக்குப் பேச்சைத் தொடங்கும் வழி. ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். அந்த ஊரில் தனக்குத் தெரிந்த ஒருவரை அவர் இழுத்துக்கொண்டு வருவார், அப்புறம் இறங்கும் வரை பேச்சு ஓடும். அயர்லாந்துக்காரர்களும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான். எந்த மாவட்டம், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காமல் அவர்களுக்கு இருப்புக்கொள்ளாது.

கேட்கப்படுபவர் கறுப்பாகவோ மாநிறமாகவோ இருந்து, "லிமரிக்" என்று அயர்லாந்து நகரம் ஒன்றைப் பதிலாகச் சொன்னால் மட்டும் பேச்சு அங்கே தடுக்கி நிற்கிறது. இன்னொரு கேள்வி வருகிறது: "அது சரி, உண்மையில் எந்த ஊர்?"

இந்தக் கட்டுரைக்கு அந்த இரண்டாவது கேள்வி போதும். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அயர்லாந்தில் குடியேறியவர்களும் வெள்ளையரல்லாதவர்களும் எழுதிய கதை, கவிதை, நாடகம், பாட்டு ஆகியவற்றில் பெரும்பகுதி ஏதோ ஒரு வகையில் அந்தக் கேள்விக்கு முகம் கொடுக்கிறது. சிலர் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். சிலர் பதில் சொல்ல முடியாது என்கிறார்கள். சிலர் கேட்டவரிடமே கேள்வியைத் திருப்பி விடுகிறார்கள். எனக்குப் பிடித்தவர்கள் அந்த மூன்றாவது வகையினர்.

யார் இவர்கள்?

முதலில் வார்த்தைகளைப் பிரித்துக்கொள்வோம். 'குடியேறியவர்கள்', 'வெள்ளையரல்லாதவர்கள்' என்ற இரண்டையும் சேர்த்தே சொல்லிச் சொல்லி, இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி இல்லை.

போலந்திலிருந்து டப்ளினுக்கு வேலைக்கு வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் குடியேறியவர், ஆனால் வெள்ளையர். தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. வாயைத் திறந்தால்தான் வெளியூர்க்காரர் என்று தெரியும். இதற்கு நேரெதிர் எழுத்தாளர் எம்மா டாபிரி. டப்ளினில் பிறந்தவர், அம்மா ஐரிஷ், அப்பா நைஜீரியர். அவரைக் குடியேறியவர் என்று சொல்ல வழியே இல்லை. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்பே இரண்டாவது கேள்வி அவருக்குத் தயாராக இருக்கும். கறுப்பினத்தவரின் தலைமுடியைப் பற்றி 2019-இல் அவர் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். மற்றவர்கள் அனுமதி கேட்காமல் தொட்டுப் பார்க்கும் முடியில் தொடங்கி, காலனியத்தின் வரலாறு வரை போகிற புத்தகம் அது.

மூன்றாவதாக டிராவலர்கள். நூற்றாண்டுகளாக அயர்லாந்திலேயே ஊர் ஊராக நகர்ந்து வாழ்ந்த சமூகம். வெளியிலிருந்து வந்தவர்கள் அல்ல, தோல் நிறமும் வேறல்ல. ஆனாலும் கடைவாசலிலும் பள்ளியிலும் ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களைத் தனி இனக்குழுவாக அரசு ஏற்றுக்கொண்டதே 2017 மார்ச்சில்தான். அதனால் இந்தப் புதிய குரல்களை வெளியிடும் பதிப்பகங்களின் பட்டியலில் டிராவலர் எழுத்தாளர்களையும் பார்க்கலாம்.

தஞ்சம் கோருவோர் என்று இன்னொரு சொல்லும் அடிக்கடி வரும். ஆபத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்து, "என்னை அகதியாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் அவர். முடிவு சாதகமாக வந்தால்தான் சட்டப்படி அகதி. இந்தக் காத்திருப்பு அயர்லாந்தின் புது எழுத்தில் தனி ஒரு கருப்பொருளாகவே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

'புதிய ஐரிஷார்' என்ற பெயரும் பத்திரிகைகளில் புழங்குகிறது. நல்ல எண்ணத்தில் வைத்த பெயர்தான். ஆனால் இருபது வருடம் குடியிருந்து, பிள்ளைகள் பள்ளி முடித்த பிறகும் 'புதிய' என்றே அழைத்தால் எப்படி இருக்கும்? நம் தெருவில் 'புது வீட்டுக்காரர்' என்று பெயர் வாங்கியவர் கடைசி வரை புது வீட்டுக்காரராகவே இருப்பாரே, அந்த மாதிரிதான்.

போகிற நாடு வருகிற நாடானது

அயர்லாந்தின் பழைய கதை முழுக்க ஊரை விட்டுப் போவதுதான். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவுக்கும் மேலே கப்பலேறினார்கள். அதன் பிறகும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக லண்டன், பாஸ்டன், நியூயார்க் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களின் பாட்டுகளில் பாதி, விட்டு வந்த ஊரை நினைத்து உருகும் பாட்டு.

1990-களின் நடுவில் பொருளாதாரம் திடீரென்று நிமிர்ந்தது. 1996 வாக்கில் போகிறவர்களைவிட வருகிறவர்கள் அதிகமானார்கள். 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம் கிழக்கே விரிந்ததும் போலந்து, லித்துவேனியா மக்கள் திரளாக வந்தார்கள். நைஜீரியா, காங்கோ, பிலிப்பைன்ஸ், இந்தியா என்று மற்ற நாட்டவரும் வந்தார்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மக்கள் 51 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் ஐந்தில் ஒருவர் அயர்லாந்துக்கு வெளியே பிறந்தவர். இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் 45,000-க்கு மேல்.

இந்த மாற்றம் சிரித்த முகத்தோடு மட்டும் நடக்கவில்லை. அதுவரை அயர்லாந்து மண்ணில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் குடியுரிமை உண்டு. 2004 ஜூனில் அதை நீக்கலாமா என்று பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். 79 சதவீதம் பேர் நீக்கலாம் என்றார்கள். 2005 முதல், அங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரின் குடியுரிமையும் அவர்கள் அங்கே வசித்த காலமும் கணக்கில் வரும். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் பிறப்பாலேயே குடிமகன், இன்னொருவர் இல்லை என்ற நிலை அன்று தொடங்கியது. "உண்மையில் எந்த ஊர்?" என்ற கேள்வி சட்டத்துக்குள்ளேயே ஏறிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு ஜாடித் தேன்

2000-ஆம் ஆண்டு முதல் தஞ்சம் கோருவோரை டைரக்ட் ப்ரொவிஷன் என்ற ஏற்பாட்டில் வைத்தார்கள். பெயரின் பொருள் சாதாரணம்: பணமாகக் கொடுக்காமல், இடத்தையும் சாப்பாட்டையும் நேரடியாகக் கொடுப்பது. பழைய ஓட்டல்கள், விடுதிகள், ஒரு காலத்தில் விடுமுறை முகாமாக இருந்த மோஸ்னி போன்ற இடங்கள் இதற்குப் பயன்பட்டன. குடும்பம் முழுவதும் ஒரே அறையில். சாப்பாடு பெரும்பாலான இடங்களில் கேன்டீனில், குறித்த நேரத்தில். சொந்தமாகச் சமைக்க அடுப்பு கிடையாது. பெரியவர் ஒருவருக்கு வாரப்படி 19 யூரோ 10 சென்ட். விலைவாசி எங்கேயோ போன பிறகும், 2017 வரை இந்தத் தொகை அசையவில்லை. வேலைக்குப் போகத் தடை. நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த முழுத் தடையைத் தவறு என்ற பிறகு, 2018-இல்தான் அதில் கதவு திறந்தது. சில மாதங்கள் என்று சொல்லித் தொடங்கிய ஏற்பாட்டில் பலர் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள்.

அப்படி எட்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் நைஜீரியாவில் பிறந்த மெலாட்டு உச்சே ஒகோரி. அவருடைய 'திஸ் ஹாஸ்டல் லைஃப்' 2018-இல் வந்தது. மூன்றே கதைகள், கைக்கு அடக்கமான சின்னப் புத்தகம். ஹாஸ்டல் என்றதும் நமக்குக் கல்லூரி விடுதியும் மெஸ் சாம்பாரும் நினைவுக்கு வரும். அங்கே டைரக்ட் ப்ரொவிஷனில் இருப்பவர்கள் தங்கள் இடத்தைச் சொல்லும் பெயர் அது.

தலைப்புக் கதையில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. வாரச் சாமான் கொடுக்கும் நாள். சோப்பு, டாய்லெட் பேப்பர், சர்க்கரை என்று வாங்கப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். காங்கோவிலிருந்து வந்த ஒரு பெண் கதையைச் சொல்கிறாள். வரிசையில் புறணி, பழைய பகை, யார் யாருக்கு முன்னால் வந்தது என்ற கணக்கு. நம் ரேஷன் கடை வரிசையை அறிந்தவருக்கு இந்தக் காட்சியில் எதையும் விளக்க வேண்டாம். அப்புறம் ஒரு பெண் தேன் கேட்கிறாள். இல்லை என்கிறார்கள். அவள் நகர மறுக்கிறாள். அந்த ஒரு ஜாடித் தேனில் கதை முறுக்கேறுகிறது.

தேனுக்காகவா இத்தனை சண்டை என்று வாசிக்கும்போது தோன்றும். கொஞ்சம் யோசித்தால் புரியும். எங்கே தூங்குவது, எப்போது சாப்பிடுவது, என்ன வேலை செய்வது என்று எதையுமே தானாகத் தீர்மானிக்க முடியாத ஒருவருக்கு, 'இதை எனக்குக் கொடு' என்று பிடிவாதம் பிடிக்க மிஞ்சியிருப்பது அந்தத் தேன்தான். ஒகோரி இதை எங்கேயும் விளக்குவதில்லை. வரிசையை மட்டும் காட்டுகிறார்.

மொழிதான் இந்தக் கதையின் பெரிய காரியம். கதைசொல்லி பேசுவது பாடப்புத்தக ஆங்கிலம் இல்லை, தனியே ஒரு நாட்டின் ஆங்கிலமும் இல்லை. பல நாட்டுப் பெண்கள் ஒரே கட்டடத்தில் வருடக்கணக்காக வாழ்ந்தால் பேச்சு எப்படிக் கலந்து குழையுமோ, அப்படி ஒரு மொழியை ஒகோரி காதில் வாங்கி எழுத்தில் உருவாக்கினார். வட்டாரப் பேச்சில் எழுதினால் இலக்கியம் ஆகுமா என்று நம் ஊரிலும் ஒரு காலத்தில் சண்டை நடந்தது. ஒகோரிக்குக் கைகொடுக்க ஒரு வட்டாரம்கூட இல்லை. ஒரு ஹாஸ்டல்தான் இருந்தது.

இதை வெளியிட்டது ஸ்கீன் பிரஸ் என்ற சின்னப் பதிப்பகம். அவர்களின் முதல் புத்தகமே இதுதான். 'குரலற்றவர்களுக்குக் குரல் கொடுப்பது' என்று மேடைகளில் சொல்வார்களே, அந்த வாசகம் எனக்கு எப்போதும் உறுத்தும். அந்த வரிசையில் நின்ற பெண்கள் யாரும் குரலற்றவர்கள் இல்லை, நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அச்சடிக்க ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இதே டைரக்ட் ப்ரொவிஷனை வேறொரு கண்ணால் பார்த்தவர் செர்பியாவிலிருந்து வந்த கலைஞர் வுகாஷின் நெடெல்கோவிச். தானே தஞ்சம் கோரி அந்த முகாம்களில் இருந்தபோது கேமராவை எடுத்தவர். 'அசைலம் ஆர்க்கைவ்' என்ற அவருடைய படத்தொகுப்பில் மனிதர்களே கிடையாது. கட்டடங்கள், வேலிகள், காலியான அறைகள், யாரோ விட்டுப்போன பொருட்கள். அழும் முகத்தைக் காட்டினால் பார்ப்பவர் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். காலி அறைக்குப் பாவம் பார்க்க முடியாது. யார் இந்த அறையைக் கட்டியது, எதற்காக என்றுதான் கேட்கத் தோன்றும்.

பெயரும் உலக்கையும்

இப்போது பாட்டுக்கு வருவோம். லிமரிக் நகரத்து ராப் பாடகி டெனிஸ் சைலா சாம்பியாவில் பிறந்து சிறுவயதில் அயர்லாந்துக்கு வந்தவர். 2020-இல் 'சைலா' என்று தன் குடும்பப் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார். தன் பெயரை ஆளாளுக்கு எப்படியெல்லாம் சிதைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதைச் சிரித்துக்கொண்டே குத்திக்காட்டும் பாட்டு. கேட்டு முடிக்கும்போது கேட்டவருக்கு அந்தப் பெயர் சரியாக வாயில் வந்துவிடும். பாடம் நடத்தியதே தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலம் படித்த கண்ணுக்கு, எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும் பெயர்களுக்கு ஐரிஷ் மொழி பேர்போனது. 'நியாம்' என்று வாசிக்கத் தோன்றுவது 'நீவ்'. 'சியோபன்' என்று தெரிவது 'ஷிவான்'. லண்டனிலும் நியூயார்க்கிலும் தங்கள் பெயரை யாரும் சரியாகச் சொல்வதில்லை என்று ஐரிஷ்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அலுத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் ஊரில் இரண்டெழுத்து 'சைலா' கஷ்டமாக இருக்கிறதாம். சைலாவின் பாட்டு நக்கலாக ஒலிப்பது சும்மா இல்லை.

அந்தப் பாட்டு இருந்த 'கோ பிரேவ்லி' தொகுப்புக்கு, அந்த ஆண்டின் சிறந்த ஐரிஷ் ஆல்பத்துக்கான சாய்ஸ் மியூசிக் பிரைஸ் 2021-இல் கிடைத்தது. லிமரிக்குக்கு இது புதிதும் இல்லை. ஜிம்பாப்வேயில் பிறந்த ஒருவர், டோகோவில் பிறந்த ஒருவர், பக்கத்து கிளேர் மாவட்டத்து இசைத் தயாரிப்பாளர் ஒருவர் என மூவர் சேர்ந்த ருசங்கானோ ஃபேமிலி என்ற குழு, 2016-க்கான அதே பரிசை வாங்கியிருந்தது.

பெயர் என்றதும் சென்னைக்காரர் காவேரி மாதவனைச் சொல்லாமல் போக முடியாது. சென்னையில் விளம்பர வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்தவர், 1987-இல் அயர்லாந்துக்குப் போனார். 2001-இல் வந்த அவருடைய முதல் நாவலின் நாயகன், மேற்படிப்புக்காக மெட்ராஸிலிருந்து டப்ளின் போகும் டாக்டர் பத்மன். அந்த ஊர் அவனை 'பேடி' ஆக்கிவிடுகிறது. (ஆங்கிலத்தில் Paddy. வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) பேட்ரிக் என்பதன் சுருக்கம் அது. உலகம் முழுக்க ஐரிஷ்காரனைக் கேலியாகக் கூப்பிடும் பெயரும் அதுவே. ஒரு தமிழ்நாட்டு டாக்டருக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டு, யாரை யார் கேலி செய்கிறார்கள் என்று காவேரி வேடிக்கை பார்க்கிறார்.

2020-இல் அவர் எழுதிய 'த டெய்ன்டட்' இன்னும் பின்னோக்கிப் போகிறது. 1920-இல் இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவினர், தங்கள் நாட்டில் பிரிட்டிஷ் படைகள் செய்யும் அட்டூழியத்தைக் கேள்விப்பட்டு ஜலந்தரிலும் சோலனிலும் கலகம் செய்தார்கள். ஜேம்ஸ் டேலி என்ற இளைஞர் தக்ஷாய் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சம்பவத்தின் சாயலில் கற்பனையாக ஒரு படைப்பிரிவை உருவாக்கி, ஐரிஷ் சிப்பாய்களின் வழிவந்த ஆங்கிலோ-இந்தியர்களின் கதையைச் சொல்கிறார். 'நீ எந்த ஊர்?' என்று கேட்ட அயர்லாந்திடம், 'உன் ஆட்கள் எங்கள் ஊருக்கு வந்தது மறந்துபோயிற்றா?' என்று திருப்பிக் கேட்பது போல. மூன்றாவது வகை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நாடகத்தில் கதை கொஞ்சம் சிக்கலானது. நைஜீரியரான பிசி அடிகுன் 2003-இல் அரம்பே என்ற ஆப்பிரிக்க நாடகக் குழுவை டப்ளினில் தொடங்கினார். அப்போது ஐரிஷ் நாடகத்தில் புனிதப் பசு மாதிரி இருந்தது ஜே. எம். சிங் எழுதிய 'ப்ளேபாய் ஆஃப் த வெஸ்டர்ன் வேர்ல்ட்'. 1907-இல் டப்ளினின் ஆபி அரங்கத்தில் முதலில் போட்டபோது ரகளையே நடந்த நாடகம். எங்கிருந்தோ வந்த ஒரு இளைஞன் 'அப்பனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டேன்' என்கிறான். ஊர் அவனை வீரனாகக் கொண்டாடுகிறது. இதுதான் கதை.

அடிகுனும் நாவலாசிரியர் ராடி டாயிலும் சேர்ந்து, நூற்றாண்டு தினத்தை ஒட்டி 2007-இல் அதே ஆபி அரங்கத்துக்கு அதைப் புதிதாக எழுதினார்கள். வருகிறவன் நைஜீரிய அகதி. இடம் மேற்கு டப்ளினில் ஒரு மதுக்கடை. மண்வெட்டிக்குப் பதில், கிழங்கு இடிக்கிற உலக்கை. அந்த ஒரு மாற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். நாடகத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது, ஆயுதம் மட்டும் வேறொரு சமையற்கட்டிலிருந்து வருகிறது. அந்நியன் ஒருவனை ஊர் தலையில் தூக்கி வைப்பதும் பிறகு போட்டு உடைப்பதும் 1907-இலேயே எழுதப்பட்ட கதை. அதற்குச் சரியான ஆள் நூறு வருடம் கழித்து வந்து சேர்ந்தான்.

கூட்டம் வந்தது. ஆனால் மறுபடி மேடையேறியபோது தன் ஒப்புதல் இல்லாமல் பிரதியில் மாற்றங்கள் செய்தார்கள் என்று அடிகுன் நீதிமன்றம் போனார். 2013-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் குடியேறியவரின் குரல் மேடைக்கு வந்த பிறகு அந்தக் குரலின் காப்புரிமை யாரிடம் என்ற கேள்வி, இந்தத் துறையில் புதிதாக நுழைகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

ராடி டாயில் இதற்கு முன்பே இந்தப் பக்கம் வந்தவர். நைஜீரியப் பத்திரிகையாளர்கள் இருவர் 2000-இல் 'மெட்ரோ ஏரன்' என்ற பல்லினப் பத்திரிகையைத் தொடங்கியபோது, மாதம் 800 வார்த்தை வீதம் அதில் தொடர்கதைகள் எழுதினார். நல்ல கதைகள், நல்ல மனது. ஆனாலும் எழுதியவர் வெள்ளை ஐரிஷ்காரர். குடியேறியவரைப் பற்றிய கதை அச்சில் வருவதற்கும், ஹாஸ்டலில் இருந்தவரே எழுதிய ஒகோரியின் புத்தகம் வருவதற்கும் நடுவே கிட்டத்தட்ட பதினெட்டு ஆண்டு இடைவெளி.

பள்ளிக்கூடம் வரை

எழுத்து எப்போது ஒரு நாட்டுக்குச் சொந்தமாகிறது? என் கணக்கில், பரீட்சைக்கு வந்தால். ஃபெலிஸ்பீக்ஸ் என்ற பெயரில் மேடையில் கவிதை சொல்லும் ஃபெலிசியா ஒலுசன்யா நைஜீரியாவில் பிறந்து, அயர்லாந்தின் நடுவிலுள்ள லாங்ஃபோர்டில் வளர்ந்தவர். அம்மாக்களைப் பற்றிய அவருடைய கவிதை ஒன்று, 2023 லீவிங் சர்ட்டிபிகேட் தேர்வுக்கான ஆங்கிலப் பாடத்தில் இடம்பெற்றது. நம் பிளஸ் டூ மாதிரியான தேர்வு அது. கவிஞரின் அம்மா எந்த ஊர் என்ற விசாரணை இல்லாமல், 'கவிஞர் இங்கே என்ன சொல்ல வருகிறார்' என்று மாணவர்கள் தலையைச் சொறிந்திருப்பார்கள். அந்தச் சொறிதலும் ஒரு மரியாதைதான்.

கவிதையில் நுழைய விரும்புகிறவருக்கு டெடலஸ் பிரஸ் 2019-இல் கொண்டுவந்த 'ரைட்டிங் ஹோம்' என்ற தொகுப்பு வசதி. பாட் போரனும், நைஜீரியாவில் பிறந்த சியாமகா என்யி-அமாடியும் தொகுத்தது. வீட்டுக்குக் கடிதம் எழுதுவது என்றும், வீட்டையே எழுதி உருவாக்குவது என்றும் தலைப்பை இரண்டு விதமாக வாசிக்கலாம்.

பணம்? கலைஞர்களுக்கான அடிப்படை வருமானம் என்று 2022-இல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ. எல்லாக் கலைஞர்களுக்கும் பொதுவானது. ஆனால் வாடகைக்கே சம்பளம் போய்விடும் டப்ளினில், சொந்த வீடோ ஊரில் அப்பா அம்மாவோ இல்லாதவருக்கு இந்த மாதிரிப் பணத்தின் எடை வேறு.

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2023 நவம்பரில் டப்ளின் நடுவில் குடியேறியவர்களுக்கு எதிரான கோஷங்களோடு கலவரம் வெடித்தது, பஸ்கள் எரிந்தன. 2025 கோடையில் இந்தியர்கள் மீது அடுத்தடுத்துத் தாக்குதல்கள் நடந்தன. இந்தியத் தூதரகம் எச்சரிக்கை அறிவிப்பு கொடுக்கும் அளவுக்குப் போனது. பரிசும் பாடத்திட்டமும் ஒரு பக்கம் நடக்க, இதுவும் அதே ஊரில் அதே ஆண்டுகளில் நடக்கிறது.

இத்தனைக்கும், அயர்லாந்து உலகத்துக்குக் கொடுத்த முதல் பெரிய ராக் நட்சத்திரங்களில் ஒருவரே கறுப்பர். தின் லிசி குழுவின் ஃபில் லைனட். அப்பா பிரிட்டிஷ் கயானாவைச் சேர்ந்தவர், அம்மா ஐரிஷ். பிறந்தது 1949-இல் இங்கிலாந்தில், வளர்ந்தது டப்ளினின் கிரம்லினில் பாட்டி வீட்டில். 1970-களில் பழைய ஐரிஷ் நாட்டுப்பாட்டு ஒன்றை ராக் இசையில் போட்டு உலகம் முழுக்கக் கேட்க வைத்தார். 1979-இல் 'பிளாக் ரோஸ்' என்று ஒரு ஆல்பம். கறுப்பு ரோஜா என்பது பழைய ஐரிஷ் கவிதையில் அயர்லாந்துக்கே வைத்த மறைபெயர். ஒரு கறுப்பு ஐரிஷ்காரர் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததில் உள்ள குறும்பு இன்றைக்கும் ருசிக்கிறது. டப்ளின் ஹாரி தெருவில் 2005 முதல் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. புதிய குரல்கள் என்று நான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்ததே அவர் முன்னால் கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிகிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், புத்தகத்துக்கு முன் ஒரு பாட்டைச் சொல்வேன். கால்வே பக்கத்து துவாம் ஊரைச் சேர்ந்த சா டாக்டர்ஸ் என்ற குழுவுக்கு 'என்17' என்று ஒரு புகழ்பெற்ற பாட்டு உண்டு. பிழைக்க வெளிநாடு போன ஒருவன், தன் ஊர் வழியாகப் போகும் 17-ஆம் எண் நெடுஞ்சாலையை நினைத்துப் பாடுவது. ஐரிஷ்காரர்கள் கல்யாணத்திலும் மைதானத்திலும் கத்திப் பாடும் பாட்டு. கொரோனாவால் விமானங்கள் நின்று, வெளிநாட்டுப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வீடு வர முடியாமல் போன 2020-இன் முடிவில், அந்நாட்டு அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ.யின் கச்சேரி இசைக்குழுவோடு சேர்ந்து டோலு மகாய் அதைப் பாடினார். நைஜீரியாவில் பிறந்து ஐந்து வயதில் அயர்லாந்துக்கு வந்து, ஆஃபலி மாவட்டத்து டல்லமோரில் வளர்ந்தவர். மூலப்பாட்டு வண்டி ஓட்டுகிற வேகத்தில் போகும். இவர் நடந்து போகிறார், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பார்த்துக்கொண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு வரைபடத்தையும் ஒரு முறை பாருங்கள். டல்லமோர் அந்த நெடுஞ்சாலையில் இல்லவே இல்லை.